டொரண்டோ அடுக்குமாடி வீட்டில் பொங்கல் வைப்பது எப்படி?

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் முதல் வருடம் குக்கரில் சர்க்கரைப் பொங்கல் செய்து, சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ருசிக்கு ஒன்றும் குறையில்லை. ஆனால் பால் பொங்கி வழிவதை வீட்டில் எல்லாரும் கூடி நின்று பார்க்காமல் போனால் அது எனக்குப் பொங்கலாகவே தெரியவில்லை. அதனால் அந்த இரண்டு நிமிடத்தை வைத்துத்தான் மற்ற வேலைகளைத் திட்டமிடச் சொல்கிறேன்.

1. நாளும் நேரமும்

தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். தமிழ் நாட்காட்டியில் இருக்கும் தேதியையே இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். டொரண்டோவில் அந்தச் சமயம் சூரியன் உதிக்க ஏறத்தாழ 7.50 ஆகிவிடும். 7.30க்கு அடுப்பில் பானையை ஏற்றினால் போதும். அப்போது ஊரில் மாலை 6 மணி. அம்மா விளக்கேற்றும் நேரம். வீடியோ அழைப்பில் அவர்களையும் கூப்பிடுங்கள், குலவையிட ஆள் கிடைத்துவிடும்.

2. முந்தின வாரம்

ஸ்கார்பரோ பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கரும்பு வரும், சீக்கிரம் தீர்ந்தும்விடும். இலையோடு மஞ்சள் கொத்து கிடைக்காவிட்டால் பச்சை மஞ்சள் கிழங்கு இரண்டை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டலாம். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய் எல்லாம் எப்போதும் கிடைப்பவை.

3. பானை

இதில்தான் எல்லாரும் தடுமாறுவது. ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானையின் அடி உருண்டையாக இருக்கும். கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பில் சரியாக உட்காராது. இண்டக்‌ஷன் அடுப்பில் வெண்கலம் சூடேறவே ஏறாது. தட்டையான அடியுள்ள 2 லிட்டர் எவர்சில்வர் பானை போதும், வாய் குறுகலாக இருந்தால் இன்னும் நல்லது. இண்டக்‌ஷன் என்றால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

பால்கனியில் விறகோ கரியோ மூட்ட நினைக்காதீர்கள். பெரும்பாலான கட்டடங்களில் அதற்கு அனுமதி இல்லை. வீட்டுக்குள் கரி மூட்டுவது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் உயிரைக் குடிக்கும்.

4. முந்தின இரவு

வாசலில் கோலம் போட முடியாது; தாழ்வாரம் பொது இடம், வெளியே பனி. ஒரு மரப்பலகையில் அரிசி மாவைக் கரைத்து இழைக்கோலம் போட்டுக் காயவிடுங்கள். குழந்தைகளுக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள், கோணலாக வந்தாலும் அழிக்க வேண்டாம். பலகையைக் கிழக்குப் பார்த்த ஜன்னலருகே வையுங்கள்.

5. பொங்க வைப்பது

250 மி.லி. கப்பில் ஒரு கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு. பருப்பை லேசாக வறுத்து, அரிசியைக் களைந்து, இரண்டையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டாம் முறை களைந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அந்த நீர் நான்கு கப், பால் இரண்டு கப் சேர்த்தால் பானை முக்கால்வாசி நிறையும். கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம், 3.25% என்று போட்டதை வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை அடித்துச் சொல்கிறேன்: பால் பொங்கி முடியும் வரை வெல்லம் பானைக்குள் போகக் கூடாது. முதல் வருடம் நான் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். வழிந்த பாகு கண்ணாடி அடுப்பில் கருகி ஒட்டி, கடைசிவரை அந்த வட்டம் போகவில்லை. வெறும் பாலும் நீரும் வழிந்தால் அடுப்பு ஆறியபின் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

அடுப்பை முழுச் சூட்டில் வைத்து எல்லாரையும் கூப்பிடுங்கள். நுரை விளிம்பு தாண்டியதும் “பொங்கலோ பொங்கல்!” சொல்லிவிட்டு, உடனே சூட்டைக் குறையுங்கள். இரண்டு கப் நீரை முகந்து தனியே வைத்து, அரிசி பருப்பைப் போடுங்கள். கெட்டியாக ஆக, முகந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஊற்றுங்கள்.

6. வெல்லம்

அரிசி விரலில் மசிய வேண்டும். வெல்லம் சேர்ந்தபின் அது மேற்கொண்டு வேகாது. ஒன்றரை கப் வெல்லத்தை அரை கப் நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கிளறுங்கள். கால் கப் நெய், ஏலக்காய். அப்புறம் நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை.

7. படையல்

இலையில் பொங்கல், கரும்பு, வாழைப்பழம். சூடம் காட்டினால் புகை உணரி அலறும். அதன் பேட்டரியைக் கழற்றாமல், நெய் விளக்கு காட்டுங்கள். வானம் மூடியிருந்தாலும் கிழக்குப் பக்கம் நின்று கும்பிடலாம்.

8. பகிர்வது

கனடா நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. குழந்தையின் ஆசிரியரிடம் இதைச் சொன்னால் வகுப்பில் பொங்கலைப் பற்றிப் பேச இடம் கேட்கலாம். பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கொடுங்கள். முந்திரி ஒவ்வாமை இங்கே விளையாட்டல்ல. அதனால் முந்திரி போடுவதற்கு முன்பே வெளியே கொடுக்க வேண்டிய பங்கை வேறு கரண்டியால் எடுத்து வைத்துவிடுங்கள்; பாலும் நெய்யும் இருப்பதையும் சொல்லிக் கொடுங்கள்.