பிரஷர் குளிசையும் கால் வீக்கமும்

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறேன். கொஞ்ச நாளாக வவுனியா தாண்டும்போதே இரண்டு கணுக்காலும் வீங்கி, சப்பாத்து இறுகிவிடும். இருந்தபடியே ஓடுவதால்தான் என்றார்கள்; உப்பைக் குறைத்தேன், காலை உயர்த்திப் படுத்தேன். வற்றவில்லை. ஈசிஜி, சிறுநீர்ப் பரிசோதனை இரண்டிலும் பிழையில்லை.

அப்புறம் கிளினிக் கொப்பியைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: பிரஷருக்கு எடுத்த அம்லோடிபின் குளிசையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆகக் கூட்டிய பிறகே வீக்கம் தொடங்கியிருக்கிறது. அந்தக் குளிசை நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குமாம். நானாக நிறுத்தவில்லை, பிரஷர் எகிறினால் பின்னால் தூங்குகிறவர்களுக்கும் ஆபத்து. கொப்பியைக் காட்டினேன், டொக்டர் லொசார்டன் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார். வீக்கம் வடிந்தது, பெரிய நிம்மதி.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.