சில வருஷமே ஓடிய அக்கசாலை என்பதற்காகக் காசு அரிதாகிவிடாது

கடைசிக்கால ரோமானிய வெண்கலக் காசு சேர்க்கிறவர்களில் பலருக்கு, கொஞ்ச காலமே இயங்கி மூடப்பட்ட அக்கசாலைகள் (காசு அடிக்கும் கூடங்கள்) மேல் தனிப் பித்து உண்டு. ஒஸ்டியா, அமியான், செர்டிகா, சிர்மியம், கார்த்தேஜ் என்ற பெயர்களைப் பார்த்ததும் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். விற்கிறவருக்கும் அது தெரியும், அதனால்தான் விளம்பரத்தில் 'குறுகிய கால அக்கசாலை, மிக அரிது' என்று போடுகிறார்.

முதல் தவறு அதை அப்படியே நம்புவது. எத்தனை வருஷம் ஓடியது என்பதும் எவ்வளவு அடித்துத் தள்ளினார்கள் என்பதும் வேறு வேறு கணக்கு. ஒஸ்டியாவை அப்போது ரோமை ஆண்ட மக்ஸென்டியஸ் 308-309 வாக்கில் திறந்தார், 313-இல் அவரை வென்ற சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் அதை மூடி வேலையை ஆர்ல் நகரத்துக்கு மாற்றினார். நாலைந்து வருஷம்தான், ஆனால் உள்ளே நான்கு பட்டறைகள் ஓடின. குதிரைகளைப் பிடித்துக்கொண்டு இரட்டைச் சகோதரர்கள் நிற்கும் அந்த அக்கசாலையின் காசு ஏலங்களில் அடிக்கடி வருகிறது, அவசரப்படத் தேவையே இல்லை. அமியானும் அப்படித்தான்: 350-இல் கலகம் செய்து ஆட்சியைப் பிடித்த மாக்னென்டியஸ் திறந்தது, 353-இல் அவர் வீழ்ந்த கையோடு மூடப்பட்டது, ஆனாலும் கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கை-ரோ என்ற கிரேக்க எழுத்துச் சின்னம் பெரிதாகப் போட்ட அந்தக் காசு கிடைக்காத பொருள் இல்லை. இதற்கு நேர்மாறாக, 308 முதல் 310 வரை ஆப்பிரிக்காவைக் கையில் வைத்திருந்த டொமிஷியஸ் அலெக்சாண்டர் கார்த்தேஜில் அடித்த காசு நிஜமாகவே அரிது. போலிக்காரர்களுக்கும் அது பிடித்த காசு, அதனால் மலிவாக வந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள்.

கையேட்டில் 'ஆர்5', அதாவது மிக மிக அரிது, என்று இருக்கிறதே என்பார்கள். கான்ஸ்டன்டைன் காலத்துக்கு எல்லோரும் எடுத்துப் பார்க்கும் ரோமன் இம்பீரியல் காயினேஜ் ஏழாம் தொகுதி வந்தது 1966-இல். எவ்வளவு அரிது என்று அதில் போட்டிருக்கும் குறிகள் அன்றைக்குப் பெரிய அருங்காட்சியகங்களிலும் சேகரிப்புகளிலும் இருந்ததை வைத்துப் போட்டவை. அதற்கப்புறம் மெட்டல் டிடெக்டர் வந்து மண்ணுக்குள் இருந்தது எவ்வளவோ வெளியே வந்துவிட்டது. பழைய ஏல முடிவுகளை இணையத்தில் ஒரு மணி நேரம் புரட்டினால் அந்தக் குறியைவிட நல்ல விடை கிடைக்கும்.

அடுத்தது எழுத்தைத் தப்பாகப் படிப்பது, அதிகப் பணம் போவது இதில்தான். பின்பக்கத்தில் உருவத்தின் காலடியில் ஒரு கோடு, அதற்குக் கீழே அக்கசாலைக் குறி. ஆர்ல் நகரத்துக்கு 328-இல் கான்ஸ்டன்டீனா என்று பெயர் வைத்தார்கள், அதனால் அதன் காசிலும் சி-ஓ-என்-எஸ்-டி என்று வரும், கான்ஸ்டான்டினோபிள் காசிலும் சி-ஓ-என்-எஸ் என்று வரும். எந்தப் பட்டறை அடித்தது என்று சொல்லும் எழுத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: முன்னால் பி அல்லது எஸ் என்று லத்தீன் எழுத்து இருந்தால் ஆர்ல், பின்னால் கிரேக்க எண்ணெழுத்து இருந்தால் பெரும்பாலும் கான்ஸ்டான்டினோபிள். அதே மாதிரி கே என்ற எழுத்தைக் கண்டவுடன் கார்த்தேஜ் என்று துள்ளக் கூடாது, எஸ்-எம்-கே என்றால் அது சிசிகஸ், வருஷக் கணக்கில் ஓடிய சாதாரண அக்கசாலை. தேய்ந்த காசில் லியோனின் பி-எல்-ஜி லண்டனின் பி-எல்-என் ஆகத் தெரியும். சிஸ்கியாவின் எஸ்-ஐ-எஸ் சிர்மியமாக மாறும், அதுவும் நமக்கு அது சிர்மியமாக இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தால் கட்டாயம் மாறும்.

எழுத்து மங்கலாக இருந்தால் காலண்டரைக் கேளுங்கள். கான்ஸ்டன்டைனின் மகன் கிறிஸ்பஸ் சீசர் (இளைய ஆட்சியாளர்) ஆனது 317-இல், ஒஸ்டியா அதற்கு நான்கு வருஷம் முன்பே மூடியாகிவிட்டது, ஆக ஒஸ்டியாவில் கிறிஸ்பஸ் காசு இருக்க வழியில்லை. பெரிய கான்ஸ்டன்டைன் 337-இல் இறந்தவர், அவருக்கு அமியான் காசு கிடையாது. லண்டன் 325-இல் மூடியது. 383-க்குப் பிறகு, பிரிட்டனில் கலகம் செய்து ஆட்சிக்கு வந்த மாக்னஸ் மாக்ஸிமஸ் அங்கே அடித்ததாகத் தெரிவது தங்கமும் வெள்ளியும்தான், எனவே லண்டன் மூடி வெகுகாலம் கழித்து ஆண்ட வாலன்டீனியன் முகத்தோடு ஒரு 'லண்டன் வெண்கலம்' வந்தால் விற்கிறவர் எதையோ தப்பாகப் படித்திருக்கிறார், அல்லது நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறார்.

எடை போடாமல் வாங்குவதும் உண்டு. 294 வாக்கில் டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி கொண்டுவந்த பெரிய வெண்கலம் சுமார் 10 கிராம், அது இறங்கி இறங்கி 320-களில் 3 கிராம் பக்கம் வந்து நின்றது. எடையும் சொல்லப்படும் வருஷமும் ஒத்துப்போகாவிட்டால் மேலே பேச வேண்டாம். மாக்னென்டியஸ் காசுகளுக்கு கௌல் பகுதியில் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) அந்தக் காலத்திலேயே ஏராளமான நகல்கள் அடித்திருக்கிறார்கள். எழுத்து தடுமாறி, முகம் கோணி, எடை குறைந்து இருக்கும். அவையும் பழையவைதான், சேர்க்கலாம், ஆனால் அமியான் விலை கொடுக்கக் கூடாது.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒன்றே ஒன்று: குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல இதைத் தேய்க்காதீர்கள். பச்சையும் பழுப்புமான அந்தப் படலம் போனால் பாதி மதிப்பு போச்சு, அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெள்ளிப்பூச்சும் சேர்ந்தே போகும். வெளிர் பச்சைத் தூள் மாவு மாதிரி உதிர்ந்தால் மட்டும் சும்மா விடக் கூடாது, அது வெண்கல நோய். அந்தக் காசைத் தனியாக எடுத்து ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், கடற்கரை ஊர்க்காரர்கள் எல்லாக் காசையுமே அப்படி வைப்பது நல்லது.

அப்புறம் செதுக்கல். சாதாரணக் காசின் குறியை ஊசியால் திருத்தி அரிய அக்கசாலையாக்குவது பழைய வித்தை. பத்து மடங்கு லென்ஸில் எழுத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைச் சுற்றியுள்ள தரையைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பாக இருந்து அங்கே மட்டும் வழவழப்பாகவும் சற்றுப் பள்ளமாகவும் இருந்தால், சக்கரவர்த்தியின் மூக்கு தேய்ந்திருக்கையில் குறி மட்டும் நேற்று வெட்டியதுபோலக் கூராக இருந்தால், காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளிம்பின் படம் தர மறுக்கிற விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை, உருக்கி ஊற்றி வார்த்த போலிக் காசின் கோடு விளிம்பில்தான் தெரியும்.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் இந்தக் கடைசிக்காலச் சிறு வெண்கலங்கள் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் ஆயிரக்கணக்கில், உள்ளூர் நகல்களோடு. 'கரூரில் கிடைத்த ஒஸ்டியா' என்று யாராவது காட்டினால் நிதானம் வேண்டும், ஏனென்றால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் புழங்கித் தேய்ந்தவை, குறி படிக்கும் நிலையில் இருப்பது அபூர்வம். கூடவே, மண்ணில் கிடைத்த புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம், நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். வெளிநாட்டு நண்பரோடு மாற்றிக்கொள்ளலாம் என்று கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.