ரத்த அணுக்களில் மரபணுக் கட்டுப்பாடு: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, ஒரு மரபணு படியெடுக்கப்பட (அதாவது ஆர்என்ஏவாக நகலெடுக்கப்பட) வேண்டுமா, எந்த அளவுக்கு என்பதை நிர்ணயிக்கும் புரதங்களே படியெடுத்தல் காரணிகள். பாளையங்கோட்டையில் முதுநிலை மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தி வரும் எனக்கு, நன்றாகப் படிப்பவர்களும் ஆண்டுதோறும் அதே பிழைகளைச் செய்வது வருத்தம் தருகிறது. காரணியை மட்டும் பார்த்து, அது எந்தச் செல்லுக்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடுவதே அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

ஹீமோகுளோபின் மரபணு சிவப்பணுக்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதக் கூடாது. ஹீமோகுளோபினின் ஒரு கூறுக்கான, 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணு தோல் செல்லிலும் கல்லீரல் செல்லிலும் அப்படியே இருக்கிறது. அங்கே அது படியெடுக்கப்படுவதில்லை. (எல்லாச் செல்களுக்கும் ஒரே டிஎன்ஏ என்ற விதிக்கு ரத்தத்திலேயே விலக்கு உண்டு: நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான பி செல்களும் டி செல்களும் தங்கள் ஏற்பி மரபணுக்களை வெட்டி இணைத்துக்கொள்கின்றன.) முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை என்பதால், படியெடுத்தல் அதற்குள் நிகழ்வதாக எழுதுவதும் தவறு, எலும்பு மஜ்ஜையில் உள்ள அதன் முன்னோடிச் செல்களான எரித்ரோபிளாஸ்டுகளில்தான் அது நிகழ்கிறது.

சிவப்பணு உருவாக்கத்துக்குத் தேவையான கேட்டா-1 என்னும் காரணி 'ஜி-ஏ-டி-ஏ' என்ற எழுத்து வரிசையை அடையாளம் காண்கிறது. இவ்வளவு குறுகிய வரிசை மனித மரபணுத் தொகுதியில் லட்சக்கணக்கான இடங்களில் வரும். அவற்றுள் மிகச் சிறு பகுதியில் மட்டுமே கேட்டா-1 உண்மையில் அமர்கிறது. அந்த இடத்தில் குரோமாட்டின் (புரதங்களோடு சுருண்டிருக்கும் டிஎன்ஏ) திறந்திருக்கிறதா, டால்-1 போன்ற துணைக் காரணிகள் உடனிருக்கின்றனவா என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கணினி காட்டும் வரிசைப் பொருத்தத்தைக் கட்டுப்பாட்டுக்கான சான்றாக எழுதிவிடக் கூடாது.

எனினும் அந்த வரிசையின் ஓரெழுத்துகூட எவ்வளவு முக்கியமானது என்பதற்கு, சிவப்பணுவின் மேற்பரப்புப் புரதம் ஒன்றுக்கான டஃபி மரபணுவைக் காட்டாமல் நான் இப்பாடத்தை முடிப்பதில்லை. அதன் முன்பகுதியில் கேட்டா-1 அமரும் இடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பதை 1995இல் கண்டறிந்தார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க மக்களில் மிகப் பலரிடம் உள்ள இம்மாற்றத்தால் சிவப்பணுக்களில் வைவாக்ஸ் மலேரியாக் கிருமி உள்ளே நுழையப் பயன்படுத்தும் டஃபி புரதம் தோன்றாமல் போய், அந்த மலேரியாவுக்கு எதிராக வலுவான பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களில் அதே புரதம் வழக்கம்போல் உருவாகிறது.

ஒரு காரணிக்கு ஒரு செல் என்ற வாய்பாடும் பொருந்தாது. கேட்டா-1 ரத்தத் தட்டணுக்களை உருவாக்கும் மெகாகேரியோசைட்டுகள், வெள்ளணு வகையான இயோசினோஃபில்கள், ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்கள் ஆகியவற்றிலும் வேலை செய்கிறது. பியூ-1 என்னும் காரணியோ அளவைப் பொறுத்துப் பாதையை மாற்றுகிறது: முன்னோடிச் செல்லில் அது மிகுந்தால் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ், குறைந்தால் பி செல் என்பதை எலிச் செல்களில் நடந்த சோதனைகள் காட்டின. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் மடை திறந்ததா என்பதோடு எவ்வளவு திறந்தது என்பதையும் கேட்பவர்கள் நாம். இங்கும் அவ்வாறே கேட்க வேண்டும்.

காரணி என்றாலே தூண்டுவது என்று கொள்வதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை. கேட்டா-1 தன் இனத்தைச் சேர்ந்த கேட்டா-2இன் மரபணுவையே அடக்குகிறது. பிசிஎல்11ஏ என்னும் மற்றொரு காரணி, கருக்கால ஹீமோகுளோபினுக்கான, கருவில் செயல்பட்ட காமா குளோபின் மரபணுக்களைப் பிறப்புக்குப் பின் அடக்கி வைக்கிறது. 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற, கிரிஸ்பர் என்னும் டிஎன்ஏ வெட்டும் உத்தியைப் பயன்படுத்தும் சிகிச்சை, இந்த அடக்குதலைத் தளர்த்தி, அரிவாள் செல் நோயாளிகளுக்குக் கருக்கால ஹீமோகுளோபினை மீட்டுத் தருகிறது. அதைப் பற்றி எழுதும்போது 'பிசிஎல்11ஏ மரபணு நீக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். பி செல்கள் உருவாகவும் அந்த மரபணு தேவை. வெட்டப்படுவது, அம்மரபணுவுக்குள் சிவப்பணு முன்னோடிகளில் மட்டும் செயல்பட்டு, அதன் படியெடுத்தலைக் கூட்டும் டிஎன்ஏ துண்டான ஊக்கப் பகுதியில், கேட்டா-1 வந்து அமரும் அந்தச் சிறு இடமே.