சிநேகிதியிடம் மனதைத் திறப்பது எப்படி

கோயில் வாசலில் "சுகமா?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால் சுகம்" என்போம். 2004 மார்கழிக்குப் பிறகு பத்து வருடம் நானும் அதைத்தான் சொன்னேன். நத்தாருக்கு மட்டக்களப்பின் கடற்கரைக் கிராமமான நாவலடிக்கு வரச்சொல்லித் தம்பியைக் கூப்பிட்டவள் நான். 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் அவனைக் கொண்டுபோனது. அதன்பிறகும் ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பித்தேன், பாடகர் குழுவில் நின்றேன். வீட்டில் தனியே ஒரு வார்த்தை ஜெபிக்க என்னால் ஏலவில்லை.

மனதைத் திறப்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் மத்தேயு 26ஐ வாசியுங்கள். கெத்செமனேயில் இயேசு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுபோய், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று சொல்லி, தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவரே கேட்டார் என்றால் நாம் கேட்க என்ன வெட்கம்?

யாரிடம் சொல்வது? நன்றாக ஜெபிக்கிறவளைத் தேடாதீர்கள். மற்றவர்களின் வீட்டுக் கதையை உங்களிடம் ஒருநாளும் கொண்டுவராத ஒருத்தியைப் பாருங்கள். எங்கள் ஊரில் பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று இருப்பதே நல்லது. எடுத்த எடுப்பில் பெரிய காயத்தைக் காட்டவேண்டாம். மகளை அநியாயமாக அடித்தது, மச்சாளின் புது வீட்டைக் கண்டு வந்த எரிச்சல், இப்படிச் சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டு ஒரு மாதம் பாருங்கள். அது வேறொரு வாயிலிருந்து உங்களிடம் திரும்பி வராவிட்டால் அடுத்ததைச் சொல்லலாம்.

வீட்டுக்குள் கதைப்பது சரிவராது. பிள்ளைகள் வருவார்கள், தேத்தண்ணி ஊற்ற எழும்பவேண்டி வரும். நானும் என் சிநேகிதியும் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்போம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தபிறகு ஆறுதலாக நடக்க முடிகிறது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. சொல்லக் கூசுகிறதை வாவியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கிழமையில் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். "நேரம் கிடைச்சா பார்ப்பம்" என்றால் அந்த நேரம் வராது.

2014இல் அப்படி ஒரு பின்னேரம்தான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். "நான்தான் கூப்பிட்டன். கடவுளோட எனக்குக் கதைக்க விருப்பமில்லை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தின் மற்றக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தோம். பிறகு கேட்டாள்: "தம்பிக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" பிட்டும் வாவி இறால் பொரியலும் என்றேன். அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. அதுவரை அவனைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. சகலமும் நன்மைக்கே நடக்கும் என்று வசனம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். வசனம் மெய்தான், ஆனால் அந்த நேரத்தில் அது என் வாயை அடைத்தது. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் இருந்தார்களே, அதுவரைக்கும் அவர்கள் நல்ல சிநேகிதர்கள். கேட்கிறவர் நீங்களானால், "நான் ஏதும் சொல்லவா, இல்லை, சும்மா கேட்கவா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். எதைச் சொன்னாரோ அதையே, அந்தப் பெயரைச் சொல்லியே ஜெபியுங்கள். எனக்கு ஏலாது என்றபோது, "நீ பேசாமல் இரு, உனக்காகவும் நான் சொல்லுறன்" என்றாள் அவள். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரின் கதை எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதியிருக்கிறார். நான் அன்று படுக்கையில் கிடந்தவள்.

இனி என் பிழை. அவள் என்னிடம் சொன்ன ஒன்றைப் பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பாகக் கொடுத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அது என்னவென்று இங்கேயும் எழுதமாட்டேன். கேட்காமல் யாருடைய பாரத்தையும் ஜெபக் குறிப்பாக்காதீர்கள். அப்படிச் செய்துவிட்டால், அவர் வேறு வழியால் கேள்விப்படுமுன் நீங்களே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள், காரணம் அடுக்கவேண்டாம். நான் மூன்று நாள் பிந்திப் போனேன். மறுபடி என்னோடு பாலத்துக்கு நடக்க அவளுக்கு நாலு மாதம் எடுத்தது. அந்த நாலு மாதமும் நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஒன்றை மட்டும் இரகசியமாக வைக்கக்கூடாது. உயிரை மாய்க்கிற எண்ணம் என்றால் இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு எடுங்கள், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் அடி என்றால் பாதுகாப்பான ஓரிடம் பார்த்துக் கொடுங்கள். ஜெபத்தைக் கூடவே செய்யலாம்.

ஒவ்வொரு மார்கழி 26இலும் நினைவு ஆராதனை முடிய அவள் ஒரு பெட்டியோடு வருவாள், பிட்டும் இறால் பொரியலும். என் வீட்டுத் திண்ணையில் இருந்து இரண்டு பேரும் சாப்பிடுவோம்.