பங்க் ஆவணப்படம் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்

நான் எடிட்டர். ஏதாவது ஒரு ஊரின் ஆரம்பகால பங்க் ராக் (1970களில் கிளம்பிய முரட்டு ராக் இசை) பற்றிப் படம் எடுக்கிறேன் என்று புதிதாக வருபவர்களிடம் கேமரா ஆடுவது, மைக் இரைவது பற்றியெல்லாம் பேசுவதில்லை, அது போகப்போகச் சரியாகிவிடும். கீழே வருவதுதான் ஆளைக் கவிழ்க்கும். மான்செஸ்டரையே வைத்துச் சொல்கிறேன்.

"நானும் அங்கே இருந்தேன்"

1976 ஜூன் 4, மான்செஸ்டரின் லெசர் ஃப்ரீ டிரேட் ஹால் அரங்கில் லண்டன் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸ். ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் ஏற்பாடு செய்த அந்தக் கச்சேரிக்கு வந்த கூட்டம் ரொம்பச் சின்னது, ஆனால் போனதாகச் சொல்பவர்களை உட்காரவைக்க அந்த அரங்கம் போதாது. ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் அங்கேயே மறுபடி வாசித்தார்கள். டிவோட்டோ, ஷெல்லியின் சொந்தக் குழுவான பஸ்காக்ஸ் அங்கே மேடையேறியது அன்றைக்குத்தான், ஜூனில் இல்லை. அதனால் பேட்டியில் "பஸ்காக்ஸும் வாசித்தார்களா?" என்று சும்மா கேட்டுவையுங்கள். ஆமாம் என்றால் அவர் சொல்வது ஜூன் கச்சேரி இல்லை.

உரிமை வாங்காத பாட்டின் தாளத்துக்குக் காட்சிகளை வெட்டுவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை: எழுதியவர்களுடையது ஒன்று, ஒலிப்பதிவுடையது இன்னொன்று. இரண்டில் ஒன்று வராவிட்டாலும் பாட்டு இல்லை. பங்க் ஆட்களோ கடன் வாங்கித் தாங்களே இசைத்தட்டு போட்டவர்கள். பஸ்காக்ஸின் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' 1977 ஜனவரியில் அப்படித்தான் வெளிவந்தது. இப்படிப்பட்ட குழுக்கள் உடைந்து, லேபிள் (தட்டு வெளியிட்ட நிறுவனம்) கைமாறி, ஒப்பந்தம் என்ற காகிதமே இல்லாமல் போயிருக்கும், அப்புறம் பழைய டிரம்மரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதுதான். டிவி நிறுவனத்திடம் பழைய காட்சியை வாங்கிவிட்டோமே என்பார்கள். வாங்கியது படத்தை மட்டும்தான், அதில் ஓடும் பாட்டுக்குப் பெரும்பாலும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஒரு படக்குழு முழுப் படத்தையும் முடித்துவிட்டு, திரைப்பட விழாக்களுக்கு மட்டும் மலிவாக உரிமை வாங்கிச் சுற்றிவந்தது, கைதட்டலும் கிடைத்தது. விநியோகஸ்தர் காகிதம் கேட்டதும் பாதிப் பாட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வெட்டும் டிரம் அடிக்கு விழுந்திருந்தது, வேறு பாட்டை வைத்தால் ஆட்கள் தாளம் தவறி எகிறுகிறார்கள், அதை ஒட்டவைக்கும் வேலை என் தலையில்.

ரஃப் கட்டுக்கு (முதல் தோராய எடிட்டுக்கு) முன்பே பட்டியல் போட்டு, பாட்டுக்குப் பாட்டு விலை கேளுங்கள். விழாவுக்கு வாங்கும்போதே டிவி, ஸ்ட்ரீமிங் விலையையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

லண்டனோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

பின்னணிக் குரலில் பிரபலம்

அந்தக் காசில் இரண்டு பாட்டு வாங்கலாம்.