ஜார்ஜ்டவுன் கடைவீட்டை வாடகைக்கு விடும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லெபோ பாசார் பக்கம் ஒரு கடைவீடு. நம் முன்னோர் கடைத்தெரு என்றே அழைத்த இடம், பினாங்கு லிட்டில் இந்தியாவின் மையம். அதன் இரும்புக் கதவில் 'உந்துக் டிசேவா', அதாவது 'வாடகைக்கு', என்று எழுதிய தகரப் பலகை பதினான்கு மாதம் தொங்கியது. உரிமையாளர் எழுபதைத் தாண்டிய பெரியவர். "இவ்வளவு கூட்டம் போற தெருவுல என் கடைக்கு மட்டும் ஏன் தம்பி ஆள் வரல?" என்று என்னிடம் கேட்டார்.

போய்ப் பார்த்தேன். பலகையில் இருந்த எண் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. பகலில் அவர் எடுப்பதில்லை. கேட்ட வாடகை, லெபோ ஆர்மேனியனில் ஒரு காப்பிக் கடை கொடுப்பதாக யாரோ சொன்ன தொகை. நிலப்பட்டா இன்னும் அவருடைய காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் இருந்தது. உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. கட்டடம் என்னவோ நல்ல கட்டடம்தான். அகலமான முகப்பு, நேரான சுவர், ஒழுகாத கூரை.

நான் இந்தத் தொழிலில் பார்த்த வரையில், கடை காலியாகக் கிடந்தால் உரிமையாளர்கள் சந்தை மந்தத்தைத்தான் காரணம் சொல்கிறார்கள். ஆனால் கடை எடுக்க வருகிறவர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. அந்தக் கணக்கை உரிமையாளர் ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருந்தால் பாதிக் கடைகள் எப்போதோ திறந்திருக்கும். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பத்திரம் சரியாகாமல் பலகை மாட்டுவது

நம் குடும்பங்களில் இது அதிகம். தாத்தா வாங்கிய கடை, பெயர் மாற்றாமலே அப்பா காலம் முடிந்துவிட்டது, இப்போது ஐந்து பிள்ளைகள். அவர்களில் பினாங்கில் இருக்கும் ஒருவர் ஆள் தேடுகிறார். கடை பிடித்துப்போய் வாடகைக்காரரின் வழக்கறிஞர் பட்டாவைக் கேட்கும்போதுதான், உயில் இருந்தால் அதை உறுதிசெய்யும் புரோபேட் வாங்க வேண்டும், இல்லையென்றால் இறந்தவர் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் எல்.ஏ. எனப்படும் நிர்வாகப் பத்திரம் வாங்க வேண்டும் என்ற பேச்சே வருகிறது. அது மாதக்கணக்கில் இழுக்கும். நல்ல வியாபாரி அதுவரை காத்திருக்க மாட்டார்.

ஆகவே பலகை மாட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி எனும் அதிகாரபூர்வப் பதிவுத் தேடல் ஒன்று எடுத்துவிடுங்கள். யார் பெயரில் இருக்கிறது, வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா, கைமாற்றத்தைத் தடுக்க யாராவது கேவியட் போட்டிருக்கிறார்களா, நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனை என்ன என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். வங்கிக் கடன் இருந்தால், வாடகைக்கு விடுவதற்கு வங்கியின் ஒப்புதல் தேவையா என்று கடன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் வக்ஃபு நிலங்களும் கோயில் அறநிலங்களும் நிறைய. அப்படிப்பட்ட நிலத்தில் இருக்கும் கடையை உங்கள் இஷ்டத்துக்கு 'விற்பனைக்கு' என்று அறிவிக்க முடியாது. உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கி வைப்பதும் இந்த வேலையோடு சேர்ந்ததுதான். பேரம் முடியும் நேரத்தில் ஈப்போவிலிருந்து ஒரு தம்பி "எனக்கு இதில் சம்மதமில்லை" என்று போன் செய்தால் அந்தக் கடையின் பெயர் தெருவெங்கும் கெட்டுவிடும்.

பக்கத்துத் தெரு வாடகையை நம் கடைக்குப் போடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1948க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் பொருந்தியது. உரிமையாளர் வாடகையை ஏற்றவும் முடியாது, ஆளைக் கிளப்பவும் முடியாது. 1997இல் அதை நீக்கும் சட்டம் வந்து, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முழுமையாக விலகியது. சொற்ப வாடகை வாங்கியே ஓய்ந்துபோன குடும்பங்கள், இனி சந்தை வாடகை என்றதும் வாயில் வந்த தொகையைக் கேட்டன. அடுத்து 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல். 2012இல் லெபோ ஆர்மேனியன் சுவரில் சைக்கிளோட்டும் பிள்ளைகளின் ஓவியம் வந்ததும் சுற்றுலாப் பயணிகள் அங்கே வரிசை பிடித்தார்கள். அந்த ஒரு தெருவில் நடந்ததைப் பார்த்து ஜார்ஜ்டவுன் முழுக்க உரிமையாளர்களின் எதிர்பார்ப்பு ஏறியது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல பத்தாண்டு வருமானத்தை இழந்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் ஆர்மேனியன் தெருவுக்கு வருகிறவர் படம் எடுக்கிறார், ஐஸ் வாங்குகிறார், போய்விடுகிறார். லெபோ பாசாருக்கு வருகிறவர் புடவையும் மசாலாவும் பூஜைச் சாமானும் வாங்க வருகிறார், அடுத்த மாதமும் வருகிறார். லெபோ கெம்பலுக்கு வேறு கூட்டம். கொம்தார் கட்டடத்தை ஒட்டிய கடைகளுக்குப் பேருந்து நிலையம்தான் உயிர். ஒரே ஊர்தான், நடந்தால் பத்து நிமிடம்தான், ஆனாலும் ஒவ்வொரு தெருவின் விற்பனையும் வேறு. உங்கள் கடைக்குப் பொருத்தமான ஒப்பீடு அதே தெருவில், அதே பக்கத்தில், கடந்த ஓராண்டில் ஒப்பந்தம் கையெழுத்தான கடைகள்தான். விளம்பரத்தில் கேட்கும் தொகையை அளவுகோலாக எடுக்காதீர்கள். அந்தக் கடைகள் இன்னும் போகாமல்தானே விளம்பரத்தில் இருக்கின்றன?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. கணக்குக்காக ஒரு தொகை வைத்துக்கொள்வோம். மாதம் 8,000 ரிங்கிட்தான் வேண்டும் என்று எட்டு மாதம் காத்திருந்து ஆள் கிடைத்தால், மூன்றாண்டுக் காலத்தில் மீதி 28 மாதத்துக்கு 224,000 ரிங்கிட் வரும். இன்றைக்கே 6,800க்கு விட்டு, கடையை ஒழுங்குபடுத்த முதல் மாத வாடகையையும் விட்டுக்கொடுத்தால், 35 மாதத்துக்கு 238,000 ரிங்கிட். பூட்டிய கடையில் கரையான் செய்யும் வேலை இதில் சேரவில்லை.

வாடகையை மொத்தச் சதுர அடியால் வகுத்துப் பேசுவதும் இதே வகைத் தவறு. நம் கடைவீடுகளின் முகப்பு குறுகல், ஆழம் அதிகம். சில்லறை வியாபாரிக்குப் பணம் வருவது கீழ்த்தளத்தில், தெருவிலிருந்து முதல் இருபது முப்பது அடிக்குள். உள்முற்றத்துக்குப் பின்னால் இருப்பது அவருக்குக் கிடங்கு. செங்குத்தான மரப்படி ஏறிப்போகும் மேல்மாடிக்கு வாடிக்கையாளர் அவ்வளவாகப் போக மாட்டார். கீழே ஒருவர், மேலே ஒரு தையற்கடையோ அலுவலகமோ என்று பிரித்து விட முடியுமா, அதற்குத் தனி வாசலும் தனி மீட்டரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பூசி மறைப்பது

கடை பார்க்க ஆள் வருகிறார் என்றதும் வெள்ளையடிக்க ஓடுகிறோம். பழைய கடைவீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுவர் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் வகைப் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் சுவர் ஓதம் காத்து, உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்பளித்து உரியும். அப்போது புடவைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் வாடகைக்காரர் உங்களைத்தான் கேட்பார். ஓதம் இருந்தால் இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்தால் சரிசெய்யும் கொத்தனாரைப் பிடித்து மதிப்பீடு வாங்கி, அந்தச் செலவை வாடகையில் எப்படிக் கழிப்பது என்று பேசலாம். நான் பார்த்ததில், குறையை முதலிலேயே சொன்ன உரிமையாளரிடம் வியாபாரிகள் நீண்ட நாள் இருந்திருக்கிறார்கள்.

வெள்ளையடிக்கும் பணத்தில் வேறு இரண்டு காரியம் செய்யலாம். குப்பையை அகற்றி விளக்குப் போடுவது ஒன்று. அளவுகள் போட்ட தரைப்படம் வரைந்து வைப்பது இன்னொன்று: முகப்பின் அகலம், ஆழம், உத்தரத்தின் உயரம், தூண்கள் எங்கே, கழிவறை எங்கே என்று. இந்தப் படம் இருந்தால் ஒரு வியாபாரி தன் வீட்டில் உட்கார்ந்தே அலமாரிகளை வைத்துப் பார்த்துவிடுவார்.

புகைப்படம் எடுக்கும்போது தீபாவளிக்கு முந்தின வாரக் கூட்டத்தை எடுத்துப் போடாதீர்கள். தைப்பூசத்துக்கு லெபோ பினாங்கிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது நிற்கும் கூட்டத்தையும் வேண்டாம். அந்தக் கூட்டம் எல்லா நாளும் இருக்காது என்று இந்த ஊர் வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, மாலை ஐந்து மணி, ஞாயிறு மாலை என்று மூன்று வேளையில் கடை வாசலில் நின்று அரை மணி நேரத்தில் கடந்துபோகிறவர்களை எண்ணுங்கள். அவர்கள் கையில் பையோடு போகிறார்களா என்றும் பாருங்கள். அந்த எண்ணிக்கையை உள்ளபடியே கொடுத்தால் வியாபாரி உங்களை நம்பிப் பேசுவார். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நிற்கும் நாளில் தெரு மாறுவதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்ய முடியாததை வாக்குக் கொடுப்பது

"சுவரை இடிச்சுக்கலாம், முகப்பை மாத்திக்கலாம், என்ன கடை வேணும்னாலும் போட்டுக்கலாம்." வாடகைக்காரரை இழுக்க இப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரம்பரியப் பகுதியில், 109.38 ஹெக்டேர் மையப் பகுதியானாலும் அதைச் சுற்றியுள்ள 150.04 ஹெக்டேர் காப்புப் பகுதியானாலும், கட்டடங்களுக்குத் தரம் பிரித்து விதி வைத்திருக்கிறார்கள். முதல் வகை, இரண்டாம் வகை என்று உங்கள் கட்டடம் எதில் வருகிறது என்பதைப் பினாங்கு மாநகர் கழகத்தில் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, கூரை ஓடு, சன்னல், பெயர்ப்பலகையின் அளவு, எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பயன்பாட்டை மாற்றவும் அப்படித்தான். வாடகைக்காரர் முன்பணம் கட்டி, தச்சரை வைத்து வேலை ஆரம்பித்த பிறகு நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தால் அவருடைய முதலே போய்விடும்.

சாப்பாட்டுக் கடை என்றால் கேள்விகள் இன்னும் கூடும். மூன்று ஃபேஸ் மின்சாரம் இருக்கிறதா, எண்ணெய்க் கழிவைப் பிடிக்கும் தொட்டிக்கு இடம் உண்டா, புகையை எந்தப் பக்கம் வெளியேற்றுவது, தீயணைப்புத் துறை என்ன கேட்கும் என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு ஃபேஸ் மட்டுமே உள்ள கடையை 'உணவகத்துக்கு ஏற்றது' என்று விளம்பரம் செய்தால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண்.

காக்கி லீமாவையும், அதாவது கடை முகப்பில் கூரையோடு இருக்கும் நடைபாதையையும், சொல்ல வேண்டும். உங்கள் கடை முன்னால் இருபது வருடமாக ஒரு அம்மா பூ கட்டி விற்கிறார் என்றால், வாய்ப்பேச்சாக இருக்கும் அந்த ஏற்பாட்டை வருகிறவரிடம் மறைக்காதீர்கள், அந்த அம்மாவிடமும் மறைக்காதீர்கள். மல்லிகை வாசனைக்கு நின்று உள்ளே நுழைகிறவர்கள் இந்தத் தெருவில் உண்டு. வியாபாரி அதை லாபமாகவே நினைக்கக்கூடும்.

பத்துப் பேரிடம் சாவி கொடுப்பது

ஒரே கடை, ஐந்து விளம்பரம், ஐந்து வாடகை. பார்க்கிறவர் குறைந்த தொகையைப் பிடித்துக்கொள்வார், இல்லையென்றால் இதில் ஏதோ கோளாறு என்று விலகுவார். ஏஜெண்ட் ஒருவர் அல்லது இருவரிடம் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அவர் சொத்து ஏஜெண்டுகளுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டா, இல்லை அவருக்குக் கீழே பதிவான நெகோஷியேட்டரா என்று அடையாள அட்டையைப் பார்த்துச் சரிபாருங்கள். தெரிந்த பையன் என்பதற்காகப் பதிவில்லாதவரிடம் முன்பணம் வாங்கச் சொல்லாதீர்கள்.

ஒப்பந்தக் காலத்தையும் விளம்பரத்திலேயே குறிப்பிடலாம். மூன்றாண்டு வரை சாதாரண வாடகை ஒப்பந்தம்; அதற்கு மேல் போனால் தேசிய நிலச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய குத்தகை. அதனால்தான் 'மூன்று கூட்டல் மூன்று' என்று புதுப்பிக்கும் உரிமையோடு எழுதுகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் வணிக வாடகையும் சேவை வரிக்குள் வந்துவிட்டது. மொத்த வாடகை வருமானம் பெரிதாக உள்ளவர்கள், தாங்கள் அதில் வருகிறார்களா என்று கணக்காளரிடம் கேட்ட பிறகு தொகையைச் சொல்வது நல்லது.

ஆள் இருக்கும் கடையை விற்பது

வாடகைக்காரர் உள்ளே இருக்கும்போதே விற்பதானால், ஆளோடு விற்கிறீர்களா, காலி செய்து கொடுக்கிறீர்களா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். முதலீட்டுக்கு வாங்குகிறவர் ஆண்டு வாடகையை விலையால் வகுத்துப் பார்ப்பார். மாதம் 6,800 ரிங்கிட் வாடகை வரும் கடைக்கு 24 லட்சம் கேட்டால் அவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 3.4 விழுக்காடு. அதிலும் பழுது பார்க்கும் செலவு, மதிப்பீட்டு வரி எல்லாம் போகும். தாத்தா அந்தக் கடையில் பட்ட பாடு அவர் கணக்கில் வராது. நமக்கு அது வலிக்கத்தான் செய்யும். சொந்த வியாபாரத்துக்கு வாங்குகிறவரோ காலியான கடையைத்தான் கேட்பார். இந்த இருவருக்கும் ஒரே விளம்பரம் போட்டால் இருவருமே நகர்ந்துவிடுவார்கள்.

அப்புறம், உள்ளே இருக்கும் வாடகைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் முன்பின் தெரியாத நான்கு பேர் உள்ளே வந்து உத்தரத்தையும் தரையையும் அளந்தால் எந்தக் கடைக்காரருக்கும் மனம் கசக்கும். பெரியவரின் கடை விஷயத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எல்.ஏ. வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் விளக்குப் போட்டு, படம் வரைந்து, பினாங்கிலேயே இருக்கும் மகளின் எண்ணைப் பலகையில் எழுதினோம். இரண்டு கடை தள்ளி மசாலா வியாபாரம் செய்பவர் கிடங்குக்கும் சேர்த்து இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பலகையில் முன்பு இருந்த எண்ணுக்குத் தான் மூன்று முறை அழைத்ததாகச் சொன்னார்.