நாகேஷை எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறது?

நாகேஷ் படம் பாக்கணும்னு உக்காந்தா லிஸ்ட் பாத்தே தலை சுத்திடும், அதனால வருஷ வரிசைலாம் வேணாம். மொதல்ல 1964ல வந்த காதலிக்க நேரமில்லை போடுங்க, பாலையாகிட்ட பேய்க்கதை சொல்ற சீன் வந்ததும் ஃபோன ஓரமா வெச்சிடுங்க, ஏன்னா பயம் காட்டுறது இவர் ஆனா பாதி சிரிப்பு பாலையா மூஞ்சில இருக்கு, ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி பாக்கணும், நான் ரீவைண்ட் பண்ணி பண்ணி பாத்தேன். அடுத்து திருவிளையாடல் தருமி, சிவாஜி எதிர்ல நிக்கும்போது அந்த ஒடம்பு எப்படி வளையுதுன்னு கவனிங்க.

காமெடி போதும்னா சர்வர் சுந்தரம், எதிர்நீச்சல். அழ ரெடியா இருங்க.

அப்புறம் நேரா 1989க்கு தாவிடுங்க, அபூர்வ சகோதரர்கள்ல வில்லன். மகளிர் மட்டும்ல பொணமா வருவாரு, டயலாக்கே கெடையாது, சும்மா தொங்கற கை காலே நடிக்கும் (இத மட்டும் கடைசிக்கு வெச்சாலும் தப்பில்ல). நம்மவர் மறக்காதீங்க, தேசிய விருது அதுக்குதான். 2008 தசாவதாரத்தோட முடிங்க, 2009 ஜனவரில போயிட்டாரு.